மிஸ்டர் டால்பர்ட்டின் வலது கை

நான் நல்ல கை தெரபிஸ்ட். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அறுந்த நரம்பையும் முறிந்த எலும்பையும் சேர்த்துத் தைத்துவிட்டு டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். அந்த விரல் மறுபடி மடங்கி, சட்டைப் பொத்தானைப் போட்டு, சாவியைத் திருப்பி, டம்ளரைப் பிடிக்க வேண்டுமே, அங்கே ஆரம்பிப்பது என் வேலை. ஹூஸ்டனில் முன்னாள் படைவீரர்கள் வரும் மருத்துவமனை ஒன்றில் இதையே செய்து இந்த வசந்தத்தில் ஓய்வு பெற்றேன்.

கடைசி நாளன்று எங்கள் பிரிவில் எல்லோரும் சேர்ந்து மதியச் சாப்பாடு வைத்தார்கள். சென்னையிலிருந்து வந்து எங்களோடு சேர்ந்திருக்கும் கவிதா என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஆன்ட்டி, நீங்க பேஷன்ட் வீட்டுக்கெல்லாம் போவீங்களாமே? இப்போ அதெல்லாம் ஸ்டாப் பண்ணிட்டாங்க. போன்லயே பத்து கொஸ்டின் கேட்டு க்ளோஸ் பண்ணிடறோம். வீட்டுக்குப் போய் அப்படி என்னதான் பார்ப்பீங்க?"

"அடுப்பைப் பார்ப்பேன்" என்றேன். அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்போது ஆரம்பித்த பேச்சு அந்தச் சாப்பாட்டு நேரத்தில் முடியவில்லை. அவள் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

படித்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஈரோட்டுக்காரி. பிசியோதெரபி முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு தொழுநோய் மருத்துவமனையில். வீட்டில் வேண்டாம் என்றார்கள், நான் போனேன். உணர்ச்சி இல்லாத கை என்றால் என்ன என்பதை அங்கேதான் கற்றேன். வலிக்காத கை தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளாது. கொதிக்கிற டீ டம்ளரை நிதானமாகப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள், உள்ளங்கை வெந்துகொண்டிருக்கும். ஆறாத புண்ணுக்கு அங்கே மருந்தைவிட மாவுக்கட்டைத்தான் நம்பினோம். புண்ணைச் சுற்றி அசையாமல் கட்டிவிட்டால், மறுபடி அடிபடாமலிருந்தாலே பாதி ஆறிவிடும். பிறகு கல்யாணம். எண்ணெய்க் கம்பெனியில் என் கணவர் சுந்தரத்துக்கு வேலை, ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் வீடு. இங்கே மறுபடியும் பரீட்சை எழுதி இந்த மருத்துவமனையில் சேர்ந்தேன்.

அங்கே எங்கள் தலைவர் டாக்டர் ஹால்வர்சன். கை அறுவை நிபுணர், நெடிய உருவம், பேச்சு குறைவு. நோயாளி அறைக்குள் போனால் நின்றுகொண்டு பேசவே மாட்டார். சின்ன ஸ்டூலை இழுத்து, நோயாளியின் கண்மட்டத்துக்குக் கீழே தன் தலை வருகிற மாதிரி உட்காருவார். அவருடைய கையை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரம் விரல் விரலாகத் தடவிப் பார்ப்பார். அதற்குப் பிறகு ஒரே ஒரு கேள்வி: "இன்னைக்குக் காலையில இந்தக் கை என்ன செஞ்சது?" எங்கே வலிக்கிறது என்று அவர் முதலில் கேட்டு நான் பார்த்ததில்லை. பதில் வந்த பிறகுதான் எக்ஸ்ரேயைக் கையில் எடுப்பார். (இங்கே அமெரிக்கர்கள் பேசியதையெல்லாம் என் தமிழில்தான் எழுதுகிறேன்.)

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் அப்படி அவர் கேட்டபோது, எதிரில் உட்கார்ந்திருந்த கிழவர், "காப்பி குடிச்சது" என்றார்.

அவர்தான் எர்ல் டால்பர்ட். எழுபது வயதைத் தாண்டியவர், ஹூஸ்டனுக்கு மேற்கே சின்ன ஊரில் டிராக்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. இரண்டாம் உலகப் போரில் நான்கு என்ஜின் குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி இயக்கும் கன்னர் வேலை பார்த்தவர், பெரிய பதக்கம் வாங்கியவர் என்று அவருடைய ஊர்க்காரியான எங்கள் நர்ஸ் சொன்னாள். வலது கை போரில் உறைந்துபோன கை. விரல் நுனிகள் தட்டையாகி, தோல் மெழுகுபோலப் பளபளவென்று இருந்தது. இப்போது நடுவிரலிலும் மோதிர விரலிலும் ஆறாத புண். நடுவிரலில் எலும்புவரை சீழ்.

டாக்டர் நேரடியாகவே சொல்லிவிட்டார். "ரெண்டு விரலையும் எடுக்கணும். இல்லேன்னா சீழ் கைக்குள்ள ஏறிடும்."

"அப்புறம் சட்டி பிடிக்க முடியுமா?" என்றார் டால்பர்ட்.

அந்தக் கேள்வியை டாக்டர் கவனித்தாரோ என்னவோ, நான் கவனித்தேன்.

அறுவைக்கு முன்னால் கையில் உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு நைலான் இழைகள் வைத்திருப்போம், மெல்லியதிலிருந்து தடித்தது வரை. நோயாளி கண்ணை மூடிக்கொள்வார். இழையை நெட்டாகத் தோலில் வைத்து அது லேசாக வளையும்வரை அழுத்தி எடுப்பேன். தெரிந்தால் 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும். எப்போது தொடுவேன் என்று அவருக்குத் தெரியக்கூடாது. வேண்டுமென்றே ஒரு முறை சீக்கிரம் தொடுவேன், இன்னொரு முறை காத்திருப்பேன்.

டால்பர்ட் கண்ணை மூடினார்.

"ஆமாம்" என்றார். "ஆமாம்... ஆமாம்... ஆமாம்."

"மிஸ்டர் டால்பர்ட், நான் இன்னும் உங்களைத் தொடவே இல்லை."

கண்ணைத் திறந்தார். என் கையில் இழை பெட்டியிலிருந்து எடுத்தபடி அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் என்னை முறைத்துப் பார்த்துவிட்டு, பொய்யில் பிடிபட்ட ஆளுக்குரிய வெட்கம் துளிகூட இல்லாமல், "நீங்க கெட்டிக்காரி, மேடம்" என்றார்.

"கட்டை விரலைத் தவிர மத்தது எதுலயும் உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சரியா?"

"சட்டப்படி அதை எழுதித்தான் ஆகணுமா?"

"எழுதத்தான் வேணும். ஏன் மறைக்கிறீங்க?"

நான் கையைத் திருப்பிப் புண்ணைப் பார்த்தேன். காப்பிக் கோப்பை சுட்டால் விரல் நுனியில் வட்டமாகச் சுடும். இது விரலின் குறுக்கே நேர்கோடாக இருந்தது, இரண்டு விரலிலும் ஒரே உயரத்தில். அந்தக் கோட்டுக்குக் கீழே பழைய தழும்புகள் அதே மாதிரி இன்னும் சில. தொழுநோய் மருத்துவமனையில் சோறு வடிக்கிற பெண்களின் கையில் நான் பார்த்த கோடு அது. சூடான இரும்புப் பிடியை வெறுங்கையால் பிடிக்கிற கை.

டாக்டரிடம் போனேன். "இப்போ விரலை எடுக்க வேண்டாம்" என்றேன்.

அவர் ஏறிட்டுப் பார்த்தார். "காரணம்?"

"புண் தானா வரல. தினமும் சுட்டுக்கிறார். ரெண்டு விரலை எடுத்தா மிச்ச ரெண்டு விரலால அதே சட்டியைப் பிடிப்பார். அடுத்த வருஷம் அதையும் எடுக்க வேண்டி வரும். எனக்கு ஒரு மாசம் குடுங்க. மாவுக்கட்டு போடறேன், அவர் வீட்டு அடுப்பைப் பார்க்கிறேன்."

"நடுவிரல் தப்பாது."

"நுனி தப்பாது. மோதிர விரல் முழுசா தப்பும்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே யோசித்தார். "காய்ச்சல் வந்தா அன்னைக்கே எடுத்துடுவேன்" என்றார். பிறகு, "போய் அடுப்பைப் பார்த்துட்டு வா."

சனிக்கிழமை காலையில் கிளம்பினேன். ஃப்ரீவேயில் அவ்வளவு தூரம் தனியாக ஓட்ட வேண்டாம் என்று சுந்தரமும் வந்தார்.

"லீவு நாள்லயும் ஆஸ்பத்திரி வேலையா? அந்த கன்னரு ஊட்ல என்னத்தைப் பாக்கப் போற?" என்றார்.

"சமையக்கட்டைப் பாக்கோணுங்க."

"நம்மூட்டு சமையக்கட்டை நீ பாத்து எத்தனை நாளாச்சு?" என்று சிரித்தார். போய்ச் சேர்ந்ததும் நல்ல பிள்ளையாக வெளியில் காரிலேயே பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கதவைத் திறந்த டால்பர்ட்டுக்கு என்னைப் பார்த்ததில் சந்தோஷமில்லை. ஆனால் வந்த பெண்ணை வெளியில் நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. உள்ளே, சமையலறை மேசையருகே சக்கர நாற்காலியில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். வெள்ளை முடி அழகாக வாரிப் பின்னப்பட்டிருந்தது. வலது பக்கம் முழுதும் செயலிழந்திருந்தது. டால்பர்ட்டின் மனைவி லொரீன். பக்கவாதம் வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன என்று பிறகு தெரிந்தது. அடுப்பில் கனமான இரும்புச் சட்டி. மரப்பிடி கிடையாது, சட்டியோடு சேர்த்து வார்த்த இரும்புப் பிடி. நான் தேடி வந்தது அதுதான்.

"யார் சமைக்கிறாங்க?" என்றேன்.

"பக்கத்து வீட்டிலேர்ந்து கொண்டு வருவாங்க" என்றார் டால்பர்ட்.

லொரீனின் வாய் கோணி, மெல்ல அசைந்தது. ஒரு வார்த்தை வெளியே வர அவர் மலையேறுகிற மாதிரி பாடுபட வேண்டியிருந்தது. நான் காத்திருந்தேன்.

"பொய்" என்றார் லொரீன்.

"லொரீன்!"

"இவர்தான்... சமைக்கிறார். குளிப்பாட்டறார். தலை... வாருறார்." மூச்சு வாங்கிக்கொண்டார். "சட்டியைப் பிடிப்பார். எனக்குத் தெரியும். வாசனை... வரும். சொல்லணும்னு வாயைத் திறப்பேன். சொல் வர்றதுக்குள்ள..." இடது கையால் தன் வாயைத் தொட்டுக் காட்டினார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டால்பர்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். டல்லாஸில் இருக்கிற மகன் டேல், அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அப்பா கையில் உணர்ச்சி இல்லை என்று ஆஸ்பத்திரி சொல்லிவிட்டால் வாதம் முடிந்துவிடும். இழை படாமலே கிழவர் 'ஆமாம்' சொன்னது அதற்காகத்தான்.

"மாவுக்கட்டு போட்டா ஒரு மாசம் அந்தக் கையால எதையும் தொடக் கூடாது. உதவிக்கு யாரையாவது கூப்பிடுங்க" என்றேன்.

"யாரும் இல்ல" என்றார்.

"ராய்" என்றார் லொரீன். அந்த ஒரு சொல் மட்டும் தடங்கலில்லாமல் வந்தது.

"அவனை நான் கூப்பிட மாட்டேன்."

லொரீன் என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய டெலிபோனைப் பார்த்தார். நான் புரிந்துகொண்டேன். ராயின் எண் டெலிபோனுக்குப் பக்கத்தில் சுவரிலேயே பென்சிலால் எழுதியிருந்தது. டால்பர்ட் வாசலுக்குப் போய் என் கணவரைக் காப்பிக்கு அழைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கூப்பிட்டேன். ஒஹாயோவில் ஒரு கிழவர் எடுத்தார். நான் இரண்டு வாக்கியம்தான் சொல்லியிருப்பேன். "எர்லுக்குக் கை தேவைப்படுதா? கிளம்பறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை மாவுக்கட்டு போட்டேன். பஞ்சு சுற்றி, நனைத்த கட்டைச் சுருக்கமில்லாமல் இழுத்து, விரல்கள் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே என் கைக்குள் பிடித்துக்கொண்டு இறுகும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே ஒரு மடிப்பு விழும், உணர்ச்சி இல்லாத கைக்கு அந்த மடிப்பே புதுப் புண்ணாகிவிடும். கட்டு இறுகும்போது உள்ளே கதகதப்பாக இருக்கும். அந்தக் கதகதப்பும் அவருக்குத் தெரியவில்லை. "சுடுதா?" என்றேன். இந்த முறை உண்மையைச் சொன்னார்: "ஒண்ணும் தெரியல, மேடம்."

அடுத்த வாரம் கட்டு மாற்ற வந்தபோது அவரோடு இன்னொரு கிழவர் நொண்டிக்கொண்டு வந்தார். குள்ளம், பருமன், சிவந்த முகம், இடது முழங்கால் மடங்காது. ராய். ஒஹாயோவிலிருந்து இரண்டு நாள் பிக்கப் டிரக் ஓட்டி வந்து, சமையலறையை எடுத்துக்கொண்டிருந்தார். "இவன் சட்டியில சமைச்சுப் பார்த்தேன். இவ்வளவு மோசமான சட்டியை நான் பார்த்ததே இல்ல" என்று எங்கள் பிரிவு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

டால்பர்ட்டின் கை என் கைக்குள் இருந்தது. கட்டு இறுகும்வரை அவரால் எழுந்து போக முடியாது. ராய் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன்.

"இந்தக் கை எப்படி இப்படி ஆச்சுன்னு உங்ககிட்ட சொன்னானா?"

"குளிர்ல உறைஞ்சதுன்னு ரெக்கார்டுல இருக்கு" என்றேன்.

"குளிர்! எல்லாருக்கும்தான் குளிர் இருந்தது."

ராய் சொன்னது இது. இருவரும் ஒரே விமானத்தில் நடுப்பகுதி கன்னர்கள். விமானத்தின் வயிற்றில் இடப்பக்கம் ஒரு ஜன்னல், வலப்பக்கம் ஒரு ஜன்னல். கண்ணாடி கிடையாது, திறந்த ஓட்டை. ஆளுக்கொரு கனத்த துப்பாக்கி, முதுகுக்கு முதுகு நின்றுகொண்டு ஜெர்மனிக்கு மேலே பறப்பார்கள். மேலே மூச்சுக்குக் காற்று போதாது, ஆக்சிஜன் குழாய் முகமூடியில் மாட்டியிருக்கும். குளிர் எப்படி என்றால், வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். மின்சாரத்தில் சூடாகும் உடையும் கையுறையும் கொடுத்திருந்தார்கள். கையுறையைக் கழற்றக் கூடாது என்பது முதல் பாடம்.

அன்று குண்டு போட்டுவிட்டுத் திரும்பும்போது கீழிருந்து சுட்ட குண்டு ஒன்று பக்கத்தில் வெடித்து, அதன் சிதறல் விமானத்தின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தது. ராயின் முழங்கால் போயிற்று. அவருடைய ஆக்சிஜன் குழாயும் அறுந்தது.

"எனக்கு வயசு பத்தொன்பது" என்றார் ராய். "இவனுக்கு என்னைவிட ரெண்டு வயசு கூட. என் காலரைப் பிடிச்சு இழுத்து இவன் ஜன்னலுக்குக் கீழே கிடத்தினான். ரத்தம் நிக்க, இருந்த ஒரே கயித்தைத் தொடையில கட்டினான். மார்ஃபின் ஊசி கல்லா உறைஞ்சு கிடந்தது. அதை வாயில போட்டு, எச்சில்ல உருக்கி எனக்குக் குத்தினான். அதெல்லாம்கூட வேற யாராவது செஞ்சிருப்பாங்க. அறுந்த குழாயோட ரெண்டு முனையையும் சேர்க்கணுமே? கனமான கையுறையோட முடியல. காத்து கசியுது. இவன் வலது கையுறையைக் கழட்டி எறிஞ்சிட்டு, ரெண்டு முனையையும் சேர்த்து வெறும் விரலால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான். விட்டா நான் செத்தேன். கடல் வந்து, விமானம் மூச்சு விடற உயரத்துக்கு இறங்கற வரைக்கும் விடல."

"கட்ட ஏதாவது கிடைச்சிருந்தா கட்டிருப்பேன்" என்றார் டால்பர்ட்.

"அந்த நேரத்துல எதிரி விமானம் வந்தது. இவன் இடது கையால சுட்டான்!"

"எதையும் அடிக்கல, மேடம். அந்தத் துப்பாக்கியை ஒத்தைக் கையால ஆளவே முடியாது. ஆனா அது சத்தம் போட்டுக்கிட்டே இருந்தா பக்கத்துல வர யோசிப்பாங்க. அவ்வளவுதான் கணக்கு."

"பாக்கியைச் சொல்லவா?"

"வேண்டாம்."

"பைலட் எல்லாரையும் குதிக்கத் தயாரா இருக்கச் சொன்னார். ஒரு என்ஜின்ல தீ. என்னால குதிக்க முடியாது, கால் போச்சு. இவன் பாராசூட் எதிர்ச் சுவர்ல மாட்டியிருக்கு, போய் எடுக்கணும்னா குழாயை விடணும். 'போ, எர்ல்'னு நான் சைகை காட்டினேன். இவன் மாட்டேன்னு தலையை ஆட்டிட்டு, திரும்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கிட்டு நின்னான். ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி."

"உனக்கு மார்ஃபின் ஏறியிருந்தது. நீ என்னத்தைப் பார்த்த? தீ அணைஞ்சுடுச்சு இல்ல? விமானம் விழல இல்ல? அப்புறம் என்ன?"

நான் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. என் கைக்குள் கட்டு இறுகிவிட்டது. ஆனாலும் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ கைகளைப் பிடித்திருக்கிறேன், அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

அந்த மாதம் முழுக்க சமையலறையில்தான் என் வேலை நடந்தது. இரும்புச் சட்டிக்கு நீளமான மரப்பிடி செய்து மாட்டச் சொன்னேன், ராய் செய்தார். அடுப்புப் பக்கம் போகும் முன் கண்ணால் கையைப் பார்க்க வேண்டும், பார்த்த பிறகுதான் எதையும் தொட வேண்டும் என்று டால்பர்ட்டைப் பழக்கினேன். நல்ல மாணவர். ஆனால் அறுபது எழுபது வருடப் பழக்கம் ஒரு மாதத்தில் போகாது, பேச்சில் மும்முரமானால் கை தானாகப் போய்விடும். யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும்.

பார்ப்பதற்குத்தான் லொரீன் இருந்தாரே. அவரிடம் கண் இருந்தது, வாய்தான் பிந்தியது. சக்கர நாற்காலியை அடுப்பு நேராகத் தெரிகிற இடத்துக்கு நகர்த்தினேன். மடியில் ஒரு தகரத் தட்டை வைத்து, நல்ல கையில் ஒரு கரண்டியைக் கொடுத்தேன். "நீங்க பேசவே வேண்டாம். இவர் கை சூட்டுக்குப் பக்கத்துல போனா தட்டை அடிங்க."

முதல் தடவை அவர் அடித்த அடியில் ராய் கையிலிருந்த முட்டையைப் போட்டு உடைத்தார். லொரீன் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

மாதம் முடிந்தபோது மோதிர விரல் புண் மூடிப் புதுத் தோல் வந்திருந்தது. நடுவிரலின் நுனி எலும்பு தப்பவில்லை. டாக்டர் சொன்ன மாதிரியும் ஆயிற்று, நான் சொன்ன மாதிரியும் ஆயிற்று. நுனியை மட்டும் எடுத்தார். தையல் ஆறியதும் டேல் டல்லாஸிலிருந்து வந்தான். ஐம்பதை நெருங்கியவன், கெட்டவன் இல்லை, பயந்துபோனவன். எங்கள் அலுவலகத்திலேயே சொல்லிவிட்டான்: "எங்க அப்பா ஹீரோன்னு ஊரே சொல்லுது. ஹீரோவுக்கு வயசாகாதா? ஒரு நாள் வீடு பத்திக்கிட்டா அம்மாவால ஓட முடியுமா?"

நியாயமான கேள்வி. "வந்து பாருங்க" என்றேன்.

டாக்டர் ஹால்வர்சன் நோயாளி வீட்டுக்குப் போகிறவர் இல்லை. அன்று, "நானும் வர்றேன்" என்று கோட்டை எடுத்துக்கொண்டார்.

சமையலறையில் லொரீன் தன் இடத்தில். டேல் மேசையருகே கைகளைக் கட்டிக்கொண்டு. ராயை வெளியே நிற்கச் சொல்லியிருந்தேன், அவர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். டால்பர்ட் பேக்கன் இறைச்சி பொரித்தார், முட்டை உடைத்து ஊற்றினார். கையைப் பார்த்தார், மரப்பிடியைப் பிடித்தார், திருப்பினார். எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. எனக்கு அது போதவில்லை. பழக்கம் எதிர்பாராத நேரத்தில்தான் தெரியும்.

டேலே அந்த நேரத்தைக் கொண்டுவந்தான். "அப்பா, எங்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல? ஒஹாயோவுலேர்ந்து ராய் வரணும், டல்லாஸ்லேர்ந்து நான் வரக் கூடாதா?"

டால்பர்ட் அடுப்பை விட்டு அவன் பக்கம் திரும்பினார். "நீ வந்தா அவளைக் கூட்டிட்டுப் போயிடுவேன்னுதான்" என்று ஆரம்பித்தார். பேசிக்கொண்டே வலது கை பின்னால் போயிற்று, கொதித்துக்கொண்டிருந்த காப்பிக் கெட்டிலின் இரும்பு மூடியை நோக்கி.

தகரத் தட்டு அதிர்ந்தது.

கை அந்தரத்தில் நின்றது. டால்பர்ட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தேங்க்ஸ், கண்ணு" என்றார். துணியை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டே அதே மூச்சில் வாக்கியத்தை முடித்தார்: "... எனக்கு அவளை அனுப்ப மனசில்ல, டேல்."

டேல் அம்மாவைப் பார்த்தான். லொரீன் கரண்டியை இன்னும் ஓங்கியபடி வைத்திருந்தார். அவர் முகத்தில் நோயாளியின் களை எதுவும் இல்லை. வேலையில் இருக்கிறவரின் முகம் அது.

டாக்டர்தான் பேசினார். "விரலைப் பத்தி நான் முடிவு பண்ணிட்டேன். மிச்சம் இருக்கிறதை எடுக்க வேண்டிய அவசியமில்ல. அம்மாவைப் பத்தி நீங்க முடிவு பண்ணுங்க."

டேல் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தான். நாற்காலியை இழுத்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான். "எனக்கு ரெண்டு முட்டை" என்றான். பிறகு, "மாசத்துக்கு ரெண்டு வாரக்கடைசி வருவேன். அதுல பேச்சே கிடையாது" என்றான். ஜன்னலுக்கு வெளியிலிருந்து ராய், "எனக்கும் ரெண்டு!" என்று கத்தினார்.

திரும்பும்போது டாக்டர்தான் காரை ஓட்டினார். ஃப்ரீவேயில் ஏறிய பிறகு, "மாவுக்கட்டு எங்கே கத்துக்கிட்ட?" என்றார். சொன்னேன். "அதைப் பயிற்சிக்கு வர்ற டாக்டர்களுக்கு நீ சொல்லிக்கொடுக்கணும்" என்றார். அடுத்த வருடத்திலிருந்து சொல்லிக்கொடுத்தேன். கவிதா இன்று போடுகிற கட்டு அதுதான்.

லொரீன் அதன்பின் மூன்று வருடங்கள் அந்த வீட்டிலேயே இருந்தார். அந்தச் சமையலறைக்குப் பக்கத்து அறையில், தன் கட்டிலில் காலமானார். செய்தி டேல்தான் சொன்னான். நானும் சுந்தரமும் போனோம். சர்ச்சில் டால்பர்ட் முன் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ராய், மடங்காத காலை நீட்டிக்கொண்டு. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஊர்க்காரர்கள் கொண்டுவந்த சாப்பாட்டுப் பாத்திரங்கள் மேசை நிறைய இருந்தன.

டால்பர்ட் எங்களிடம் வந்தார். வலது கையை நீட்டினார். நான் வழக்கம்போல் அதைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு புதுத் தழும்புகூட இல்லை.

"அவங்களை நல்லா பார்த்துக்கிட்டீங்க" என்றேன்.

அந்தப் பக்கம் ராய் யாருக்கோ சத்தமாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துவிட்டு டால்பர்ட் சொன்னார்:

"அவனை நான் ஒரே ஒரு மத்தியானம் பார்த்துக்கிட்டேன், மேடம். அதுக்கு எனக்கு மெடல் குடுத்தாங்க."

சொல்லிவிட்டு, லொரீன் கரண்டியோடு உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். சுந்தரத்தின் தோளைத் தொட்டு, "சாப்பிடுங்க, ஆறிடப் போகுது" என்று மேசைப் பக்கம் அழைத்துப் போனார்.